ஒரு கழித்தல் குறியின் கதை

மீட்சி மோதல் கணக்கு போட்ட எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை நினைவிருக்கும். "வலப்பக்கம் போனால் கூட்டல், இடப்பக்கம் போனால் கழித்தல். குறியை விட்டால் மார்க் போச்சு!" நானும் ஒரு தேர்வில் குறியை விட்டிருக்கிறேன். பந்து திரும்பி வரவேண்டிய இடத்தில் என் விடைத்தாளில் அது சுவருக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. மார்க்கும் போச்சு.

அப்போது எனக்குத் தெரியாத ஒரு விஷயம், இதே குறியை விட்டவர்கள் வரிசையில் எனக்கு முன்னால் ரெனே டெகார்ட் நிற்கிறார் என்பது. 'நான் சிந்திக்கிறேன், ஆகவே நான் இருக்கிறேன்' என்றாரே, அவரேதான். ஆனால் என்னைப்போல மறதியால் விட்டவர் அல்ல அவர். நன்றாக யோசித்து, காரணங்களோடு விட்டார். அதனால் அவருடைய தவறு என்னுடையதைவிடப் பெரியது, சுவாரசியமானதும்கூட. அதைச் சரிசெய்ய ஐரோப்பாவின் பெரிய மூளைகளுக்குக் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு பிடித்தது. பாடப்புத்தகத்தில் உந்த அழிவின்மை விதி அரைப் பக்கத்தில் முடிந்துவிடுவதால் இந்தக் கதைக்கு அங்கே இடமில்லை. இங்கே இருக்கிறது.

டெகார்ட் 1644ல் ஆம்ஸ்டர்டாமில் லத்தீன் மொழியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். 'தத்துவத்தின் கோட்பாடுகள்' என்று தமிழில் சொல்லலாம். பெயரில்தான் தத்துவம், உள்ளே பாதிக்கு மேல் இயற்பியல். உலகில் நடப்பதெல்லாம் பொருட்கள் ஒன்றையொன்று தள்ளுவதாலும் மோதுவதாலும் நடப்பவை என்பது அவருடைய கட்சி. எனவே மோதலுக்கு விதி தெரிந்துவிட்டால் உலகத்துக்கே விதி தெரிந்த மாதிரி.

அதற்கு அவர் போட்ட அஸ்திவாரம் இது. கடவுள் உலகைப் படைத்தபோது அதற்குள் குறிப்பிட்ட அளவு இயக்கத்தை வைத்தார். கடவுள் மாறாதவர். ஆகவே அந்த அளவும் மாறாது. ஒரு பொருள் இழப்பதை இன்னொன்று பெறும், மொத்தம் அப்படியே இருக்கும். ஒரு பெரிய அளவு உலகில் அழியாமல் இருக்கிறது என்ற எண்ணத்தை இவ்வளவு துணிச்சலாக இயற்பியலின் நடுவில் கொண்டுவந்து வைத்தது டெகார்ட்தான், அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். சிக்கல் அந்த அளவை எப்படி அளப்பது என்பதில் வந்தது. பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கு என்றார். எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்தப் பெருக்கலில் அவர் சேர்க்கவில்லை.

ஏன் சேர்க்கவில்லை? அவருடைய பார்வையில் இயக்கம் வேறு, இயக்கத்தின் திசை வேறு. இயக்கத்துக்கு எதிரானது ஓய்வுதான், இன்னொரு பக்கம் போகும் இயக்கம் அல்ல. ஒரு பந்தை நிறுத்த வேண்டுமென்றால் அதன் இயக்கத்தை எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனால் அதைத் திருப்பிவிட எந்தச் செலவும் இல்லை. வண்டிக்காரன் மாட்டைத் திருப்புவதுபோல, வேகம் அதேதான், முகம் மட்டும் வேறு பக்கம்.

கொஞ்சம் யோசித்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். பந்தைச் சுவரில் அடிக்கிறோம். கிட்டத்தட்ட அதே வேகத்தில் திரும்பி வருகிறது. சுவர் அசையவில்லை, எதையும் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. டெகார்ட் 1637லேயே ஒளி எதிரொளிப்பதை விளக்க டென்னிஸ் பந்து தரையில் பட்டுத் தெறிப்பதைத்தான் உதாரணமாக எடுத்தார். பந்தின் வேகம் மாறவில்லை, திசை மட்டும் மாறியது என்பதே அவர் கண்ட காட்சி. பூமி வாங்கிக்கொண்டது கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் பூமி அவ்வளவு பெரியது. (இன்னொரு வேடிக்கை. அதே 1637ல் வந்த அவருடைய வடிவியல் நூலில் சமன்பாடுகளுக்குக் கிடைக்கும் குறை எண் விடைகளை அவர் 'பொய்யான மூலங்கள்' என்று அழைத்தார். கழித்தல் குறிக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ராசியில்லை போலும்!)

இந்த அஸ்திவாரத்தின் மேல் ஏழு மோதல் விதிகளைக் கட்டினார். ஏழையும் சொல்லி அலுக்க வைக்கப் போவதில்லை. நான்கு போதும்.

முதல் விதி: இரண்டு சமமான பந்துகள் சம வேகத்தில் எதிரெதிரே வந்து மோதினால் இரண்டும் வந்த வேகத்திலேயே திரும்பும். இது சரி.

இரண்டாம் விதி: வேகம் சமம், ஆனால் ஒரு பந்து கொஞ்சம் பெரியது. இப்போது பெரியது நேராகப் போய்க்கொண்டே இருக்கும், சிறியது மட்டும் திரும்பும், இரண்டும் பழைய வேகத்திலேயே ஒரே பக்கம் போகும்.

நான்காம் விதி: பெரிய பந்து சும்மா நிற்கிறது, சிறியது வந்து மோதுகிறது. சிறியது எவ்வளவு வேகமாக வந்தாலும் பெரியதை அசைக்கவே முடியாது! வந்த வேகத்தில் திரும்பிப் போகும்.

ஆறாம் விதி: நிற்கும் பந்தும் வந்து மோதும் பந்தும் சமம். வந்த வேகம் 4 என்றால், நின்ற பந்துக்கு 1 கிடைக்கும், வந்த பந்து 3 வேகத்தில் திரும்பும்.

கோலி விளையாடிய எந்தப் பையனும் ஆறாம் விதியைக் கேட்டால் சிரிப்பான். நின்ற கோலியை நேராக அடித்தால் அடித்த கோலி அங்கேயே நின்றுவிடும், அடிபட்டது பறக்கும். டெகார்ட்டுக்கு இது தெரியாதா? கண்ணால் பார்ப்பதோடு விதிகள் ஒத்துப்போகாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதற்குச் சமாதானமும் வைத்திருந்தார். என் விதிகள் சுற்றி எதுவுமே இல்லாத, முழுக்கக் கடினமான பொருட்களுக்கு. நாம் பார்ப்பவையெல்லாம் காற்று, நீர் போன்ற பாய்மங்களுக்குள் கிடக்கின்றன, அதனால் மாறித் தெரிகிறது என்றார். 1647ல் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், அனுபவம் நேர்மாறாகக் காட்டினாலும் புலன்களைவிடப் பகுத்தறிவையே நம்ப வேண்டும் என்ற பொருளில் ஒரு வரியும் சேர்ந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

நான்காம் விதியைப் பலரும் கேட்டுத் தொல்லை செய்ததால், 1645ல் கிளெர்செலியே என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொன்னார். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு நிலைகள் சந்தித்தால், எது மிகச் சிறிய மாற்றமோ அதுதான் நடக்கும். பெரிய பந்தை நகர்த்த வேண்டுமென்றால் சிறியது தன் வேகத்தில் பாதிக்கு மேல் அதற்குக் கொடுத்தாக வேண்டும், போதாததற்குத் தன் திசையையும் மாற்ற நேரும். திரும்பிப் போவதென்றால் திசை மட்டும்தான் மாறுகிறது. ஆக, திருப்பிவிடு! திசைக்கு விலையே கிடையாது என்று ஆரம்பத்தில் வைத்துக்கொண்டது எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

சரி, இப்போது நம் கதாநாயகன் வருகிறார். கிறிஸ்டியான் ஹைகன்ஸ். ஒளியின் அலைக் கொள்கையில் 'ஹைகன்ஸ் தத்துவம்' என்று படித்திருப்போமே, அதே ஆள். 1629ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தவர். அப்பா கான்ஸ்டன்டைன், ஆரஞ்சு வம்ச இளவரசர்களின் செயலாளர், கவிஞர், டெகார்ட்டின் நெருங்கிய நண்பர். பையனின் கணிதத் திறமையை டெகார்ட்டே பாராட்டியிருக்கிறார். வீட்டுக்குத் தெரிந்த மாமா எழுதிய புத்தகம் மாதிரிதான் அந்த 1644 நூல் பையன் கைக்கு வந்திருக்கும்.

அதை முதலில் படித்தபோது தனக்கு என்ன தோன்றியது என்று ஹைகன்ஸ் 1693ல், வயதான பிறகு, எழுதி வைத்திருக்கிறார். அப்போது தனக்குப் பதினைந்தோ பதினாறோ வயது, எல்லாமே மிக நன்றாக இருப்பதாகத் தோன்றியது, எங்காவது தடுக்கினால் ஆசிரியரின் கருத்தைத் தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, குற்றம் தன்மேல்தான் என்று நம்பினாராம். படிக்கிற நமக்கெல்லாம் இது ரொம்பத் தெரிந்த உணர்வுதான்.

1652 வாக்கில், 23 வயதில், அவருக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது. முதல் விதியைத் தவிர மற்றவை தவறு என்று சொல்லத் தொடங்கினார். அவருடைய ஆசிரியர் வான் ஸ்கூட்டன் டெகார்ட்டின் பெரிய அபிமானி, டெகார்ட்டின் வடிவியலை லத்தீனில் மொழிபெயர்த்தவர். மாணவன் இந்தப் பக்கம் போவதை அவர் ரசிக்கவில்லை. ஆனாலும் 1656க்குள் ஹைகன்ஸ் தன் மோதல் நூலைப் பெரும்பாலும் எழுதி முடித்துவிட்டார். அந்த நூலில் டெகார்ட்டை அவர் வீழ்த்திய விதம் இருக்கிறதே, அதற்குச் சோதனைச்சாலை தேவையில்லை, ஒரு படகு போதும்.

நெதர்லாந்தில் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் கால்வாய், கால்வாயில் குதிரை இழுத்துச் செல்லும் பயணப் படகு. கரையை ஒட்டி அசையாமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்படி ஒரு படகில் ஒருவன் நிற்கிறான். இரண்டு கைகளிலும் நூலில் கட்டித் தொங்கவிட்ட இரண்டு சமமான பந்துகள். கரையில் இன்னொருவன். படகில் நிற்பவன் இரண்டு பந்துகளையும் ஆளுக்கு 2 வேகத்தில் மோதவிடுகிறான். டெகார்ட்டின் முதல் விதிப்படியே இரண்டும் 2 வேகத்தில் திரும்புகின்றன. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

படகும் 2 வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரையில் நிற்பவனுக்கு என்ன தெரியும்? படகு போகும் பக்கமாகப் போன பந்து அவனுக்கு 4 வேகத்தில் போவதாகத் தெரியும். எதிர்ப்பக்கம் வந்த பந்து அவனுக்கு நிற்பதாகத் தெரியும். மோதலுக்குப் பிறகு முதல் பந்து நின்றுவிடுகிறது, இரண்டாவது 4 வேகத்தில் போகிறது. கோலி விளையாட்டில் நாம் பார்ப்பது அப்படியே வந்துவிட்டது! டெகார்ட்டின் ஆறாம் விதியோ 3 வேகத்தில் திரும்பும், 1 வேகத்தில் போகும் என்கிறது. அதாவது டெகார்ட்டின் முதல் விதியை எடுத்துப் படகில் ஏற்றினால் டெகார்ட்டின் ஆறாம் விதி உடைந்துவிடுகிறது. அவரை எதிர்க்க வெளியாள் யாருமே தேவைப்படவில்லை.

நூல் அச்சானபோது இந்தக் காட்சிக்குப் படமும் போட்டார்கள். படகில் ஒருவர், கரையில் ஒருவர், கைகளைக் கோத்துக்கொண்டு நிற்க, இருவர் கைகளிலிருந்தும் ஒரே நூல்களில் பந்துகள் தொங்கும். மோதல் ஒன்றுதான், பார்ப்பவர்கள்தான் இரண்டு பேர் என்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியாது. சீராகப் போகும் கப்பலுக்குள் எல்லாம் கரையில் நடப்பதுபோலவே நடக்கும் என்று கலிலியோ 1632லேயே சொல்லியிருந்தார். அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு புது விதியைக் கறந்தவர் ஹைகன்ஸ்.

பந்துகள் சமமில்லை என்றால்? அப்போதும் படகுதான், ஆனால் தொடக்கத்துக்கு வேறொரு மோதல் வேண்டும். நிறைக்குத் தலைகீழ் விகிதத்தில் வேகம் கொடுத்து மோதவிட்டால், ஒவ்வொரு பந்தும் தான் வந்த வேகத்திலேயே திரும்பும் என்று நிறுவினார். நிறை 1 உள்ள பந்துக்கு 3 வேகம், நிறை 3 உள்ளதற்கு 1 வேகம் என்பதுபோல. இதைவிட அதிக வேகம் கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? அந்த வேகத்தைக் கொண்டு பந்துகளை மேல்நோக்கி ஏறவிடலாம், அவற்றின் பொது ஈர்ப்பு மையம் தொடங்கிய உயரத்தைவிட மேலே போய்விடும். தானாக எதுவும் மேலே ஏறாது, எனவே அது நடக்காது. இப்படிப் போகிறது வாதம்.

இப்போது படகை 1 வேகத்தில் ஓட்டுங்கள். கரையிலிருப்பவனுக்குச் சிறிய பந்து 4 வேகத்தில் வருகிறது, பெரிய பந்து நிற்கிறது. டெகார்ட்டின் நான்காம் விதிக்கான அதே காட்சி. மோதிய பிறகு படகில் 3 வேகத்தில் திரும்பும் சிறிய பந்து கரைக்கு 2 வேகத்தில் திரும்புகிறது. பெரிய பந்து 2 வேகத்தில் முன்னே போகிறது. அசைக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட பந்து அசைந்துவிட்டது! எவ்வளவு பெரிய பொருளையும் எவ்வளவு சிறிய பொருளும் எந்த வேகத்தில் வந்து மோதினாலும் அசைக்கும் என்பதை ஹைகன்ஸ் தன் நூலின் முதல் சில கூற்றுகளுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

இந்த எண்களைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம், கதையின் மர்மமே இங்கேதான் இருக்கிறது. டெகார்ட்டின் கணக்குப்படி மோதலுக்கு முன் இயக்கத்தின் அளவு 1 × 4, அதாவது 4. மோதலுக்குப் பின்? சிறியதற்கு 1 × 2, பெரியதற்கு 3 × 2. மொத்தம் 8. இரண்டு மடங்காகிவிட்டது! கடவுள் மாறாமல் வைத்திருக்கும் அளவு ஒரே மோதலில் இரட்டித்துவிட்டது.

கூடத்தான் செய்யும் என்று நினைக்க வேண்டாம், குறையவும் செய்யும். இரண்டாம் விதியின் காட்சியை எடுங்கள். நிறை 2, நிறை 1, இரண்டும் 3 வேகத்தில் எதிரெதிரே. டெகார்ட் கணக்கில் 6 + 3, அதாவது 9. உண்மையில் நடப்பது, பெரியதும் திரும்புகிறது, 1 வேகத்தில். சிறியது 5 வேகத்தில் பறக்கிறது. இப்போது 2 + 5, மொத்தம் 7. பெரிய பந்து திரும்பாமல் போக வேண்டுமென்றால் அது சிறியதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். சரியாக மூன்று மடங்கு என்றால் அது அங்கேயே நின்றுவிடும். கொஞ்சம் பெரியதாக இருந்தாலே போதும், நேராகப் போகும் என்ற டெகார்ட்டின் கணிப்பு எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது!

இப்போது எதிர்ப்பக்கம் போவதைக் கழித்துப் பாருங்கள். முதல் கணக்கில் முன்னே போவது 6, பின்னே வருவது 2. கழித்தால் 4. முன்பும் 4. இரண்டாவதில் மோதலுக்கு முன் 6 கழித்தல் 3, அதாவது 3. பின்னால் 5 கழித்தல் 2, அதே 3. மாறவேயில்லை. சிறிய பந்தைத் திருப்பிவிடச் செலவே இல்லை என்று டெகார்ட் நினைத்தார். உண்மையில் 4 வேகத்தில் வந்த பந்தை 2 வேகத்தில் திருப்புவதற்கு ஆன செலவு 6, அதைப் பெரிய பந்து வாங்கிக்கொண்டு போகிறது. பந்தைச் சுவரில் அடிக்கும்போதும் இதேதான். பந்தின் உந்தத்தைப்போல இரண்டு மடங்கு சுவருக்கும், சுவர் வழியாகப் பூமிக்கும் போகிறது.

திசைக்கான விதியும் இதிலிருந்தே வருகிறது. நிற்கும் பந்தை நேராக மோதும் பந்து சிறியதாக இருந்தால் திரும்பும், சமமாக இருந்தால் நிற்கும், பெரியதாக இருந்தால் பின்தொடர்ந்து போகும். கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் காயைவிட எடை அதிகம். அதனால்தான் நேராக அடித்த காயின் பின்னாலேயே ஸ்டிரைக்கரும் குழிக்குள் போய் விழுந்து நம் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு ஹைகன்ஸ் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. பெட்டியில் வைத்துவிட்டார். தொலைநோக்கி, சனிக்கோளின் வளையம், ஊசல் கடிகாரம் என்று அவருக்கு வேறு வேலைகள் இருந்தன. 1661ல் லண்டன் போனபோது (இரண்டாம் சார்லஸின் முடிசூட்டு விழா நாளன்று ஊரே ஊர்வலம் பார்க்க, இவர் சூரியனைப் புதன் கடப்பதைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்!) அங்கிருந்த அறிஞர்கள் மோதல் கணக்குகளைக் கொடுக்க, விடைகளை அங்கேயே சொன்னார். விதிகளை மட்டும் சொல்லவில்லை.

விஷயம் காதுவழியாகப் பரவியது. 1665ல் தத்துவஞானி ஸ்பினோசா, ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க்குக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. டெகார்ட்டின் விதிகள் கிட்டத்தட்ட எல்லாமே தவறு என்பது ஹைகன்ஸின் கருத்து, என் கருத்தல்ல, ஆறாவது மட்டும்தான் தவறு, அதிலும் ஹைகன்ஸும் தவறு செய்கிறார் என்று நினைக்கிறேன் என்கிறார். ஸ்பினோசாவுக்கே இந்த நிலை என்றால் குறியை விட்ட நமக்கு என்ன வெட்கம்?

1668 இலையுதிர் காலத்தில் ராயல் சொசைட்டி இந்த வழக்கை முடித்துவிடுவது என்று தீர்மானித்தது. மூன்று பேரிடம் மோதல் விதிகளைக் கேட்டு ஓல்டன்பர்க் எழுதினார். ஆக்ஸ்போர்டு கணிதப் பேராசிரியர் ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், அப்போது பாரிஸில் இருந்த ஹைகன்ஸ். ரென் என்றால் 1666 தீவிபத்துக்குப் பிறகு லண்டனில் புனித பால் தேவாலயத்தைக் கட்டினாரே, அந்தக் கட்டடக் கலைஞர்தான். அந்தக் காலத்தில் ஒரே ஆள் இத்தனை வேலை செய்வது சகஜம்.

வாலிஸ் நவம்பரில் அனுப்பினார். அவர் எடுத்துக்கொண்டது மோதிய பின் ஒட்டிக்கொண்டு போகும் பொருட்களை. ஆனால் எதிர்த்திசைக்குக் கழித்தல் குறி போட்டு எழுதினார். முடிவிலிக்கு எட்டைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு குறி இருக்கிறதே, அதை 1655ல் கொண்டுவந்தவர் அவர். குறிகளைக் கண்டு பயப்படாதவர். ரென்னின் தாள் டிசம்பரில் வந்தது, மிகச் சிறியது. தராசுத் தட்டு மாதிரி ஒரு படத்தை வைத்து மீட்சி மோதல் முழுவதையும் சொல்லிவிட்டார். நூலில் தொங்கும் பந்துகளை வைத்து அவர் முன்பே சோதனை செய்தும் பார்த்திருந்தார். 1669 தொடக்கத்தில் ஹைகன்ஸின் தாள் வந்தது. பிரித்துப் பார்த்தால், அவர் விதிகளும் ரென்னின் விதிகளும் ஒன்றே. இருவரும் தனித்தனி வழியில் ஒரே இடத்துக்கு வந்திருந்தார்கள்.

இங்கேதான் ஒரு மனக்கசப்பு. 1669 ஜனவரியில் சொசைட்டியின் இதழான 'ஃபிலசாஃபிக்கல் டிரான்ஸாக்ஷன்ஸ்' வாலிஸின் தாளையும் ரென்னின் தாளையும் வெளியிட்டது. ஹைகன்ஸின் தாள் இல்லை! பதின்மூன்று ஆண்டு கையில் வைத்திருந்த ஆள், பெயர்கூட வராமல் மூன்றாவதாகிவிட்டார். கோபம் வந்த ஹைகன்ஸ் மார்ச்சில் பாரிஸின் 'ழூர்னால் தே சாவான்' இதழில் தன் விதிகளை வெளியிட்டுவிட்டார். ஏப்ரலில் ஓல்டன்பர்க் தன் இதழில் விளக்கத்தோடு ஹைகன்ஸின் விதிகளையும் லத்தீனில் போட்டார். ஹைகன்ஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பதின்மூன்று ஆண்டு பெட்டியில் வைத்தது யார் என்றும் கேட்கத் தோன்றுகிறது. முழு நூல், நிரூபணங்களோடு, அவர் 1695ல் இறந்து எட்டு ஆண்டு கழித்து 1703ல்தான் அச்சானது.

அந்த 1669 தாளில் அவர் சொன்ன மூன்று விஷயங்கள் இன்றும் நம் பாடத்தில் இருக்கின்றன. ஒன்று, மோதலில் இயக்கத்தின் அளவு கூடவோ குறையவோ செய்யலாம், ஆனால் எதிர்த்திசையில் உள்ளதைக் கழித்துவிட்டால் ஒரு பக்கமாக மிஞ்சும் அளவு எப்போதும் மாறாது. இரண்டு, ஒவ்வொரு பொருளின் அளவையும் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் அதுவும் முன்பும் பின்பும் ஒன்றே. (நம் முதல் கணக்கில் சரிபார்க்கலாம். முன்பு 1 × 16. பின்பு 1 × 4, 3 × 4, கூட்டினால் 16.) மூன்று, பந்துகளின் பொது ஈர்ப்பு மையம் மோதலுக்கு முன்பும் பின்பும் ஒரே சீராக, ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். பந்துகள் முட்டிக்கொண்டு திசை மாறினாலும் அந்தப் புள்ளிக்கு எதுவுமே நடந்ததாகத் தெரியாது.

இதற்குப் பிறகு வந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் மரியோட் 1673ல் தொங்கும் பந்துகளை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். மேசை மேல் டிக் டிக் என்று ஆடும் ஐந்து பந்து பொம்மைக்கு இன்று 'நியூட்டனின் தொட்டில்' என்று பெயர், ஆனால் அந்தச் சோதனையை விவரித்தவர் மரியோட். நியூட்டன் 1687ல் தன் 'பிரின்சிபியா'வில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரையும் பெயர் சொல்லி மதித்துவிட்டு, பத்தடி நீள ஊசல்களில் தானும் செய்து பார்த்ததை எழுதுகிறார். காற்றின் தடையைக்கூடக் கணக்கில் கழித்தார். உண்மையான பந்துகள் முழு மீட்சி உள்ளவை அல்ல என்பதையும் அளந்தார். இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைகள் நெருங்கிய வேகத்தில் 9ல் 5 பங்கோடு விலகின, கண்ணாடி 16ல் 15 பங்கோடு. மீட்சி எவ்வளவு குறைந்தாலும் திசையோடு கூட்டிய மொத்தம் மட்டும் மாறவில்லை. 'இயக்கத்தின் அளவு' என்ற டெகார்ட்டின் பெயரையே அவரும் வைத்துக்கொண்டார். ஒரே பக்கம் போவதைக் கூட்டு, எதிர்ப்பக்கம் போவதைக் கழி என்று விதியில் தெளிவாக எழுதிவிட்டார்.

லைப்னிட்ஸின் கதை வேறு. 1672 முதல் 1676 வரை பாரிஸில் இருந்தபோது ஹைகன்ஸிடம் பாடம் கேட்டவர். டெகார்ட்டின் விதிகளில் அவர் 1687ல் சுட்டிக்காட்டிய ஓட்டை எனக்கு மிகவும் பிடித்தது. நிற்கும் பந்து வருவதைவிட ஒரு மயிரிழை பெரியது என்றால் வந்த பந்து முழு வேகத்தில் திரும்புமாம். மயிரிழை சிறியது என்றால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ பாதி வேகத்தில் முன்னே போகுமாம். ஒரு மயிரிழையில் இயற்கை இப்படித் தாவுமா? சோதனை எதுவும் செய்யாமலே, விதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தே பிடித்துவிட்டார். டெகார்ட்டின் அணியில் பெரிய பெயரான மால்பிரான்ஷ் 1692ல் விதிகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

வேக வர்க்கக் கணக்கைப் பிடித்துக்கொண்ட லைப்னிட்ஸ், அதுதான் உண்மையான விசை என்று 1686லிருந்து வாதாடியதும், பின்னால் எமிலி து ஷாட்லே 1740ல் அவர் பக்கம் நின்று எழுதியதும் பெரிய கதை. இன்று அதை இயக்க ஆற்றல் என்று வேறு பாடத்தில் படிக்கிறோம். அது தனிப் பதிவுக்கு.

ஆனால் திசையைப் பற்றி லைப்னிட்ஸ் சொன்ன ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. டெகார்ட்டுக்கு உடலும் ஆன்மாவும் வேறு வேறு. ஆன்மா எப்படிக் கையை அசைக்கிறது என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது. உலகில் இயக்கத்தின் அளவு மாறாது என்றால் ஆன்மா புதிதாக இயக்கத்தைச் சேர்க்க முடியாதே? லைப்னிட்ஸ் 1714ல் எழுதிய 'மோனடாலஜி'யில் இதற்கு டெகார்ட்டின் பதில் இன்னதென்று சொல்கிறார். ஆன்மா இயக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது, ஆனால் இருக்கும் இயக்கத்தின் திசையை மட்டும் திருப்பிவிடலாம். மாட்டைத் திருப்பும் வண்டிக்காரன்! திசைக்குச் செலவில்லை என்றால் இதில் எந்த விதியும் மீறப்படவில்லை அல்லவா. டெகார்ட்டின் காலத்தில் திசையின் மொத்தமும் மாறாது என்ற விதி தெரிந்திருக்கவில்லை, தெரிந்திருந்தால் அவர் என் கொள்கைக்கே வந்து சேர்ந்திருப்பார் என்று லைப்னிட்ஸ் எழுதுகிறார். தற்பெருமை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் படகில் தொங்கிய அந்த இரண்டு பந்துகளும் மோதித் திரும்பியபோது, ஆன்மா நுழைவதற்கு டெகார்ட் திறந்து வைத்திருந்த ஒரே கதவும் சேர்ந்து மூடிக்கொண்டது என்பதை அவர் சரியாகவே பார்த்திருக்கிறார்.